பஸ் விடுவேன் என்று வரும் வேட்பாளரிடம் என்ன கேட்பது? – கேள்வி பதில்

ஊராட்சித் தேர்தல் பேச்சு எழுந்தாலே எங்கள் பக்கத்தில் முதலில் வரும் வாக்குறுதி பஸ்தான். அரசுப் பேருந்து டிப்போவில் நேரக் காப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அப்புறம் ஊராட்சி வார்டு உறுப்பினராகவும் ஒரு தடவை இருந்தேன். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்லம்பட்டி ஒன்றியத்திலிருந்து: ஐயா, எங்கள் ஊராட்சியில் தலைவருக்கு நிற்கப்போகிறவர் "ஜெயித்த மூணு மாசத்தில் ஊருக்குப் புது பஸ்" என்று வீடு வீடாகச் சொல்கிறார். அவரால் முடியுமா?

அவராக விட முடியாது. பஸ் தடத்துக்கு பெர்மிட் கொடுப்பது வட்டாரப் போக்குவரத்து ஆணையம். அதற்கு மாவட்ட ஆட்சியர்தான் தலைவர். பஸ்ஸை ஓட்டுவது அரசுப் போக்குவரத்துக் கழகம். எந்தத் தடத்தில் எத்தனை நடை என்பதை அவர்களுடைய கிளையும் (டிப்போவைத்தான் அப்படிச் சொல்வோம்) கோட்டமும்தான் முடிவு செய்யும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஊராட்சித் தலைவருக்கு இதில் ஓர் அதிகாரமும் இல்லை. அரசியல் சாசனத்தின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குத் தரலாம் என்று சொன்ன 29 பொருள்களில் சாலை இருக்கிறது, சிறுபாலம் இருக்கிறது, படகுத்துறைகூட இருக்கிறது. பஸ் என்று தனியாக எதுவும் இல்லை.

அதற்காக அந்தத் தேர்தலுக்கும் பஸ்ஸுக்கும் சம்பந்தமே இல்லை என்று விட்டுவிடாதீர்கள். பஸ் ஊருக்குள் வர ரோடு வேண்டும், திரும்ப இடம் வேண்டும், இரவு தங்கும் டிரைவர், கண்டக்டருக்கு ஓர் அறை வேண்டும். இவை மூன்றும் ஊராட்சி செய்யக்கூடியவை. 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 110-ஆவது பிரிவு கிராமச் சாலை, சிறுபாலம், தெருவிளக்கு எல்லாவற்றையும் ஊராட்சியின் கடமை என்றே வைத்திருக்கிறது. அவரிடம், "பஸ் விடுவீர்களா" என்று கேட்க வேண்டாம். "பஸ் திரும்ப இடம் எங்கே கொடுப்பீர்கள்" என்று கேளுங்கள். இடத்தைக் கை காட்டிச் சொல்கிறாரா என்று பாருங்கள்.

வாடிப்பட்டியிலிருந்து: ஓட்டுப் போடும்போது நாலு சீட்டு கொடுக்கிறார்கள். இதில் பஸ் விஷயத்துக்கு யார் முக்கியம்?

2019 டிசம்பரில் நம் மாவட்டத்தில் ஊரகத் தேர்தல் நடந்தபோது வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்ட ஊராட்சிக் கவுன்சிலர் என்று நாலு ஓட்டு. தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். எல்லாரும் கவலைப்படுவது இளஞ்சிவப்புச் சீட்டுக்காக மட்டும். மற்ற இரண்டையும் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டு வந்துவிடுகிறோம்.

நான் சொல்வேன், பஸ்ஸைப் பொறுத்தவரை பச்சையும் மஞ்சளும்தான் கனம். இரண்டு ஊரை இணைக்கிற ரோடு பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியச் சாலை. பஸ் வருவது அதில்தான். மஞ்சள் சீட்டில் ஜெயித்தவர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிற மாவட்ட ஊராட்சித் தலைவர்தான் மாவட்டத் திட்டக் குழுவுக்கும் தலைவர். ஆட்சியர் அதில் துணைத் தலைவர். பெர்மிட் கொடுக்கிற ஆணையத்தின் தலைவரே பக்கத்து நாற்காலியில் உட்கார்கிற கூட்டம் அது. மதுரை மாவட்டத்தின் 13 ஒன்றியங்களுக்கும் சேர்த்து எந்த ஊருக்கு எந்த நேரத்தில் பஸ் இல்லை என்று ஒரு பட்டியல் போட அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கட்சிச் சின்னத்தில் நிற்கிற அந்த வேட்பாளர்கள் உங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்டு வரும் அன்றே இதைக் கேட்டுவிடுங்கள்.

சேடப்பட்டி பக்கத்திலிருந்து: முன்னே ஒரு நாளைக்கு ஆறு நடை வந்த டவுன் பஸ் இப்போது மூன்றுதான் வருகிறது. அதிலும் சில நாள் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஏன் இப்படி?

இதை நான் டிப்போவுக்குள் இருந்தே பார்த்தவன், அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு டவுன் பஸ் உங்கள் ஊருக்கு மட்டும் ஓடுவதில்லை. காலையிலிருந்து இரவு வரை அதன் நாளை நடைகளாகப் பிரித்து, இரண்டு மூன்று ஊருக்குப் பங்கு போட்டு நேர அட்டவணை எழுதுவார்கள். ஒரு டிரைவர் லீவு, மாற்று ஆள் இல்லை என்றால் காலையில் நாலரை மணிக்கே எந்த நடையை விடுவது என்று முடிவு எடுத்தாக வேண்டும். மெயின் ரோட்டுத் தடத்தில் ஒரு பஸ் குறைந்தால் கூட்டம் உடனே சத்தம் போடும், போன் வரும். கடைசி ஊரில் பத்துப் பதினைந்து பேர் நிற்பார்கள். பேசாமல் நடந்துபோவார்கள் அல்லது ஷேர் ஆட்டோ பிடிப்பார்கள். கை தானாகக் கடைசி ஊர் நடையைத்தான் அடிக்கும். இது நியாயமில்லை. மெயின் ரோட்டில் நிற்பவருக்குப் பின்னாலேயே அடுத்த பஸ் உண்டு, உங்களுக்கு அன்றைக்கு அதுதான் ஒரே பஸ்.

இரண்டாவது காரணம் ரோடு. பஸ்ஸின் அகலமே இரண்டரை மீட்டர். கிராமச் சாலை பல இடங்களில் மூன்று மீட்டர், நன்றாகப் போட்டால் 3.75 மீட்டர். எதிரே டிராக்டர் வந்தால் ஒருவர் தாரை விட்டு மண்ணில் இறங்க வேண்டும். தார் மேல் தார் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போகிறது, ஓரத்து மண்ணை யாரும் நிரப்புவதில்லை. அரை அடிப் பள்ளத்தில் பஸ் சக்கரம் இறங்கினால் அவ்வளவுதான். இதோடு சீமைக்கருவேல் இரண்டு பக்கமும் வளர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தவர் கையைக் கீறும். டிரைவர் ஒருநாள் சொல்லிப் பார்ப்பார், இரண்டு நாள் சொல்லிப் பார்ப்பார், அப்புறம் மெயின் ரோட்டிலேயே திருப்பிவிடுவார். முள்ளை வெட்டுவதும் ஓரத்துக்கு மண் அடிப்பதும் ஊராட்சியும் ஒன்றியமும் செய்ய வேண்டியவை. சென்னை வரை போக வேண்டிய வேலை இல்லை.

சரி, உடனே என்ன செய்யலாம்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் போக்குவரத்துக் கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்றே கேள்வி எழுதுங்கள். இந்தத் தட எண்ணுக்கு ஒப்புதல் பெற்ற நடை எத்தனை, போன மூன்று மாதத்தில் தேதிவாரியாக ஓடியது எத்தனை, ஓடாத நாளுக்குப் பதிவான காரணம் என்ன. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தத் தாள் கையில் இருந்தால் வேட்பாளரிடமும் பேசலாம், திங்கள்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் கூட்டத்திலும் பேசலாம். "பஸ் சரியா வரலைங்க" என்று வெறுமனே சொன்னால் குறித்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து: நாங்கள் மல்லிகை போட்டிருக்கிறோம். விடியுமுன் பறித்து மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஏற்ற வேண்டும். முதல் பஸ் ஆறே முக்காலுக்கு வருகிறது. அதற்குள் ஆட்டோவுக்கே பாதிக் காசு போகிறது. முதல் பஸ்ஸை முன்னால் தள்ளச் சொல்லலாமா?

கேட்கலாம். ஆனால் வெறுமனே நேரத்தை மாற்றச் சொன்னால் முடியாது என்பார்கள், அதற்குக் காரணமும் உண்டு. டிப்போவிலிருந்து காலியாகக் கிளம்பி உங்கள் ஊர் முனைக்கு வந்து சேர வேண்டும். ஐந்து மணிக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் நாலு மணிக்கே டிப்போவிலிருந்து கிளம்ப வேண்டும், டீசலும் வீண்.

இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, இரவு தங்கல் பஸ். இரவுக் கடைசி நடை உங்கள் ஊரிலேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே படுத்து எழுந்து ஐந்து மணிக்கு எடுப்பார்கள். கடைசி பஸ்ஸும் நேரம் தள்ளிக் கிடைக்கும், முதல் பஸ்ஸும் சீக்கிரம் கிடைக்கும். ஒரே ஏற்பாட்டில் இரண்டு பிரச்சினை தீரும். பல ஊரில் இது நின்றுபோனதற்கு நான் பார்த்த காரணம் ரொம்பச் சாதாரணமானது. படுக்க இடமில்லை, கழிப்பறை இல்லை, வண்டி நிற்கிற இடத்தில் விளக்கில்லை. மழையில் நனைந்த பஸ்ஸுக்குள் சீட்டில் படுத்து எழுந்த ஆள் விடிந்ததும் அறுபது உயிரை ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டும். எந்த டிரைவர் சம்மதிப்பார்?

ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு பழைய கட்டடம், இரண்டு கட்டில், மின்விசிறி, தண்ணீர் வருகிற கழிப்பறை, வெளியே ஒரு விளக்கு. இதைச் செய்து கொடுத்து, தீர்மானத்தில் எழுதி, கிளை மேலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பூ விவசாயிகள் எத்தனை வீடு, தினமும் சராசரியாக எத்தனை மூட்டை ஏறும் என்று சேர்த்து எழுதுங்கள். மூட்டைக்கு வாங்குகிற லக்கேஜ் காசும் வசூல்தான். உங்கள் ஊர் வேட்பாளர்களில் யார் இந்த அறைக்கு ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கு ஓட்டுப் போடச் சொல்லி நான் வெளிப்படையாகவே சொல்வேன்.

கொட்டாம்பட்டியிலிருந்து: அண்ணே, பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்கு. ஒரு பஸ் ஏழரைக்கு, அடுத்தது ஒன்பதே காலுக்கு. பிள்ளைகள் எல்லாம் ஏழரை பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். கூடுதல் பஸ் கேட்டு அலுத்துவிட்டோம்.

தம்பி, கூடுதல் பஸ் கேட்காதீர்கள், நேர மாற்றம் கேளுங்கள். புது பஸ் என்றால் வண்டி வேண்டும், ஆள் வேண்டும், மேலே ஒப்புதல் வேண்டும். ஒன்பதே கால் பஸ்ஸை எட்டே காலுக்கு முன்னால் இழுக்க அட்டவணையைத் திருத்தினால் போதும். பள்ளித் தலைமையாசிரியரிடம் எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் என்று எழுதி வாங்கி, கிளை மேலாளரிடம் கொடுங்கள். அந்த நேரத்தில் அந்த பஸ் வேறு எந்த ஊருக்குப் போகிறது என்றும் விசாரித்து, அந்த ஊர்க்காரர்களோடு முதலில் பேசிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஊர்ப் பிள்ளை ஏற இன்னொரு ஊர்ப் பிள்ளை இறங்க வேண்டியதாகிவிடும். இரண்டு ஊருக்கும் பொதுவான ஒன்றியக் கவுன்சிலர் வேட்பாளரைக் கூட்டி வைத்துப் பேச இதைவிட நல்ல விஷயம் கிடையாது. படியில் தொங்குகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நாலு தேர்தல் போய்விட்டது, எனக்கு இது பொறுக்கவில்லை.

பேரையூரிலிருந்து ஓர் அம்மா: பெண்களுக்கு பஸ் இலவசம் என்கிறார்கள். எங்கள் பக்கம் காசு வாங்குகிறார்களே?

தாயி, 2021 மே மாதம் வந்த அந்தச் சலுகை சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுக்கு மட்டும். உங்கள் பக்கம் ஓடுவதில் பல புறநகர் பஸ், நாங்கள் மப்சல் என்போம். அதில் டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். கண்டக்டர் மேல் தப்பில்லை. இந்தத் தடத்தில் சில நடைகளையாவது டவுன் பஸ்ஸாக ஓட்டுங்கள் என்று கிராம சபையில் கேட்கலாம்.

டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். காசு இல்லைதானே என்று டிக்கெட் வாங்காமல் உட்காராதீர்கள். கேட்டு வாங்குங்கள். பெண்கள் போகிற பயணத்துக்கு அரசு கழகத்துக்குப் பணம் ஈடுகட்டுகிறது. உங்கள் ஊர் நடையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி. சீட்டு கிழிக்காத ஆள் கணக்கில் இல்லாத ஆள். நாளைக்கு "இந்த நடையில் ஆளே ஏறுவதில்லை" என்று வெட்ட வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது.

அலங்காநல்லூரிலிருந்து: மினி பஸ் திட்டம் புதிதாக வந்திருக்கிறதாமே, எங்கள் ஊருக்குக் கிடைக்குமா?

2025 ஜூன் 16-ல் தஞ்சாவூரில் தொடங்கிவைத்த திட்டம். ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி இதுவரை பஸ்ஸே போகாத பாதையாக இருக்க வேண்டும். 1997-இல் வந்த பழைய மினி பஸ் திட்டத்தைவிட இதில் தூரம் அதிகம். ஓட்டுவது தனியார், தடத்தை அறிவிப்பது ஆட்சியர் தலைமையிலான ஆணையம்.

ஊர் செய்ய வேண்டியது தடத்தை வரைந்து கொடுப்பது. ஆரம்ப சுகாதார நிலையம், பள்ளிக்கூடம், சந்தை மூன்றையும் தொடுகிற மாதிரி போட்டால்தான் ஓட்டுகிறவருக்கும் கட்டுப்படியாகும், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் நிறுத்திவிடுவார். ஒன்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். தனியார் மினி பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் கிடையாது. வருகிற அரசு டவுன் பஸ்ஸை விட்டுக்கொடுத்துவிட்டு மினி பஸ் வாங்குவது நட்டம்.

மேலூர் பக்கத்திலிருந்து: பஸ் ஊர் மந்தையிலேயே திரும்பிவிடுகிறது. எங்கள் காலனி அங்கிருந்து முக்கால் கிலோமீட்டர். ரோடு இருக்கிறது, இடமும் இருக்கிறது. கேட்டால் "அதுதான் ஸ்டாப்" என்கிறார்கள். வயசானவர்கள், பிரசவத்துக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் நடக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி. நம் பக்கத்தில் பஸ் எங்கே நிற்கிறது என்பது டீசல் கணக்கு மட்டுமில்லை, சாதிக் கணக்கும்தான். தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதற்காக பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996-லிருந்து பத்து வருடம் தேர்தல் நிலைக்காமலே போய், 2006-ல்தான் ஒழுங்காக நடந்தது. பட்டியல் சாதியைச் சேர்ந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் ஊர் திரும்பும் வழியில் மறித்துக் கொல்லப்பட்டார்கள். உங்கள் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இது. மந்தை வரைதான் பெர்மிட்டா, காலனி வரை உண்டா என்று முதலில் எழுத்தில் வாங்குங்கள். காலனி வரை பெர்மிட் இருந்தும் வராமல் திரும்பினால் அது கழகத்தின் தவறு, புகாருக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும். பெர்மிட் இல்லையென்றால் தட நீட்டிப்பு கேட்டு ஆட்சியரிடம் மனு. மோட்டார் வாகன ஆய்வாளர் பாதையைப் பார்க்க வரும் அன்றைக்கு நாலு பேர் கூடவே நில்லுங்கள், இல்லாவிட்டால் ரோடு குறுகல் என்று யாராவது சொல்லி அனுப்பிவிடுவார்கள். உங்கள் ஊரில் தலைவருக்கு நிற்கிற ஒவ்வொருவரையும் பொதுக்கூட்டத்திலேயே, மைக் முன்னால் கேளுங்கள்: காலனி வரை பஸ் வர நீங்கள் ஆதரவா? தனியாகச் சந்தித்துக் கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள்.

கள்ளிக்குடியிலிருந்து: கப்பலூர் டோல்கேட்டை எடுத்துவிடுவேன் என்கிறார் ஒரு வேட்பாளர்.

அது தேசிய நெடுஞ்சாலை 44. ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது. ஊராட்சி தீர்மானம் போட்டு அனுப்பலாம், அதற்கு மேல் இல்லை. அந்த ஓட்டை நாடாளுமன்றத் தேர்தலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து: என் மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே மேயர்தான் பஸ் விடுகிறார் என்கிறான். மதுரை மேயர் ஏன் நமக்கு விடக்கூடாது?

உங்கள் மகன் சொல்வது சரி. மான்செஸ்டர் வட்டாரத்தில் தனியார் கையில் இருந்த பஸ்களை 2023 செப்டம்பர் தொடங்கி 2025 ஜனவரிக்குள் முழுவதும் மேயர் தலைமையிலான அமைப்பின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நமக்கு இன்னும் பொருத்தமானது கேம்பிரிட்ஜ்ஷயர் – பீட்டர்பரோ. அங்கே பாதிக்கு மேல் வயல்காடும் சின்னச் சின்ன ஊரும்தான். அங்குள்ள மேயர் வீட்டு வரியோடு சேர்த்து பஸ்ஸுக்காக ஒரு தொகை வசூலித்தார். நடுத்தர வீட்டுக்கு வருடம் 12 பவுண்டாக இருந்ததை 2024-ல் 36 ஆக்கினார். அந்தக் காசில் கிராமத் தடங்களைக் காப்பாற்றினார்கள், 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு பவுண்டுக்கு டிக்கெட் கொடுத்தார்கள். வரி கூட்டியது சரியா என்பதே அங்கே தேர்தல் பேச்சானது.

அங்கே மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், அவருக்கு பஸ் அதிகாரமும் வரி அதிகாரமும் உண்டு. மதுரை மேயரை 2011-ல் நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம், 2022-ல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மாட்டுத்தாவணி, ஆரப்பாளையம், பெரியார் பேருந்து நிலையங்கள் மாநகராட்சியுடையவை, அதற்குள் வந்து போகிற பஸ் மாநகராட்சியுடையது இல்லை. உசிலம்பட்டி நகராட்சிக்கும் அதே நிலைதான்.

பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. கேரளத்தில் 2022-ல் "கிராமவண்டி" என்று தொடங்கினார்கள். டீசல் செலவை உள்ளாட்சி கொடுக்கும், பஸ்ஸும் ஆட்களும் அரசுப் போக்குவரத்துக் கழகத்துடையது. எந்த வழியாக, எந்த நேரத்தில் என்பதை ஊராட்சி சொல்லும். முதலில் எடுத்துச் செய்தது திருவனந்தபுரம் மாவட்டத்தின் கொல்லயில் ஊராட்சி. நம் ஊராட்சிகள் இப்படிச் செலவு செய்ய அரசாணை வேண்டும். அதைக் கேட்டு மாவட்ட ஊராட்சியில் தீர்மானம் போடுவேன் என்று ஒரு வேட்பாளர் சொன்னால் அது உருப்படியான வாக்குறுதி.

அதே ஊரிலிருந்து: போடி ரயில் வந்துவிட்டதே, இனி பஸ் எதற்கு?

2022 மே மாதம் தேனி வரை, 2023 ஜூனில் போடி வரை. நல்ல விஷயம். ஆனால் ஸ்டேஷனில் இறங்கி ஊருக்கு வர பஸ் வேண்டுமே. ரயில் நேரத்துக்கு ஒத்து வருகிற மாதிரி இரண்டு நடையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

டி. கல்லுப்பட்டி ஒன்றியத்திலிருந்து: 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாதபோது இதையெல்லாம் யாரிடம் கேட்பது?

தலைவர் நாற்காலிதான் காலியாகும், கிராம சபை காலியாகாது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கூட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே அதன் உறுப்பினர்தான். தீர்மானத்தை நாமே வாக்கியமாக எழுதிக்கொண்டு போக வேண்டும். "பேருந்து வசதி வேண்டும்" என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். தட எண், ஊர் முனை, வேண்டிய நேரம், ஏறுகிறவர்கள் யார் யார் என்று எழுதுங்கள். பதிவேட்டில் ஏறியதும் நகல் கேட்டு வாங்குங்கள்.

மதுரை கிழக்கு ஒன்றியத்திலிருந்து ஒரு பெண்: சார், எங்கள் ஊராட்சி பெண்களுக்கு ஒதுக்கப்படும் என்கிறார்கள். நான் நிற்கலாம் என்று இருக்கிறேன். பஸ் பற்றி நோட்டீஸில் என்ன போடட்டும்?

நில்லுங்கள் அம்மா. பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் பெயரில் வீட்டு ஆண் ஒருவர் நாற்காலியில் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போய் வருவது ஊரில் அதிகமும் பெண்களும் பிள்ளைகளும்தான், அவர்கள் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.

"புது பஸ்" என்ற வார்த்தையை நோட்டீஸில் போடாதீர்கள். உங்கள் கையில் இருப்பதைப் போடுங்கள். முதல் வருடத்தில் ஊர் முனையில் பஸ் திரும்ப இடம், சர்வே எண்ணோடு. தங்கல் அறை. பஸ் பாதையில் வருடம் இரண்டு தடவை முள் வெட்டு. நிறுத்தத்தில் விளக்கும் நிழற்குடையும். நிழற்குடைக்கு சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் கேட்கலாம், ஊராட்சிப் பணத்தை அதில் போட்டுவிடாமல் ரோட்டு ஓரத்துக்கு வையுங்கள்.

நோட்டீஸ் அச்சடிக்குமுன் ஒரு வேலை. ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் நிறுத்தத்தில் நின்று யார் எங்கே போகிறார்கள், எந்த பஸ் வரவில்லை என்று ஒரு நோட்டில் குறியுங்கள். கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வருகிற பெண்கள் உங்கள் ஊரில் இருந்தால் அவர்களை முதலில் கேளுங்கள், கடைசி பஸ் நேரம் அவர்களுக்குத்தான் உயிர் விஷயம். அந்த நோட்டின் நகலைக் கிளை மேலாளரிடம் கொடுத்து, தேதி போட்டு முத்திரையுடன் ஒப்புகை வாங்கி வையுங்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் அடுத்த கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைக்க உங்களுக்கு உரிமை உண்டு.